பட்டு நூல் சுத்தின ஸ்டியரிங்!

காலை எட்டே கால் மணி. காஞ்சிபுரத்திலிருந்து ஏனாத்தூர் போற ரோடு. பஸ்ஸில் ஃபுட்போர்டு வரைக்கும் கூட்டம். ஷேர் ஆட்டோவில் ஏற்கெனவே ஒன்பது பேர். இந்த நேரத்தில் தெரிஞ்ச வேன் ஒண்ணு வந்து "ஏறுங்கப்பா"ன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? யோசிக்காம ஏறிடுவீங்க. ஏறினதும் ஜன்னல் சீட்டைத் தேடுவீங்க, செல்போனை எடுப்பீங்க, முதல் பீரியட் அட்டெண்டன்ஸைப் பத்திக் கவலைப்படுவீங்க.

டிரைவர் கையில இருக்கிற ஸ்டியரிங்கை என்னிக்காவது பார்த்திருக்கீங்களா பாஸ்?

நானும் பார்த்ததில்லைதான். மூணாவது வருஷம் படிக்கும்போது என் ஃப்ரெண்டோட அப்பா வேன்ல அடிக்கடி காலேஜுக்கு வருவேன். பழைய மாருதி ஆம்னி. அவங்க வீட்டில் தறி இருக்கு. பாவு, ஜரிகை வாங்கிட்டு வர்றது, நெய்த சேலையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது எல்லாமே அந்த வண்டியிலதான். நடுவுல எங்க அஞ்சு பேரையும் ஏனாத்தூர்ல இறக்கி விடுறது இலவச சேவை!

அந்த வண்டியோட அடையாளமே ஸ்டியரிங்தான். வளையம் முழுக்கப் பட்டு நூல் சுத்தியிருக்கும். தறியில மிச்சமான அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் நூலையெல்லாம் முறுக்கி, அப்பாவே கைப்பட வரிசையா சுத்தினது. "காஞ்சிபுரத்திலேயே பட்டுக் கட்டின ஸ்டியரிங் இது ஒண்ணுதான்"னு நாங்க கலாய்ப்போம். அப்பாவும் சிரிப்பார்.

அந்த நூலுக்கு அடியில என்ன இருந்ததுன்னு ஒரு சனிக்கிழமைதான் தெரிஞ்சது.

"பழகிடுச்சு தம்பி!"

அன்னிக்கு அப்பாவுக்கு முதுகு வலி. ஃப்ரெண்டுதான் வண்டியை எடுத்தான், லைசென்ஸ் வாங்கி ரெண்டு மாசம் ஆகியிருந்தது. தெரு முனையில வண்டி திரும்பலை. அவன் ஸ்டியரிங்கைத் திருப்புறான், வளையம் சுத்துது, டயர் பேசாம நேராவே போகுது. இன்னும் கொஞ்சம் திருப்பினதும் சடார்னு திரும்புச்சு. வேகம் இல்லாததால ஒரு வீட்டுத் திண்ணைக்கு ஓரடி முன்னாடி நின்னோம்.

வீட்டுக்கு வந்து சொன்னா அப்பா அலட்டிக்கவே இல்லை. "அது கொஞ்சம் ப்ளே இருக்கு தம்பி. முன்கூட்டியே திருப்பிக்கணும். எனக்குப் பழகிடுச்சு."

ஃப்ரெண்ட்ஸ், இந்தக் கட்டுரையில நீங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டிய ஆபத்தான வார்த்தை "பழகிடுச்சு"தான். பிரேக் பழுதானா கால் உடனே சொல்லிடும். ஸ்டியரிங் அப்படியில்லை. தினமும் ஒரு நூலளவு தேயும். ஓட்டுறவர் கையும் தினமும் ஒரு நூலளவு அட்ஜஸ்ட் பண்ணிக்கும். கடைசியில வண்டி கெட்டுப்போனது ஓட்டுறவருக்கே தெரியாது. புதுசா உட்கார்றவனுக்குத்தான் தெரியும்.

தேருக்கு ஏது ஸ்டியரிங்?

வைகாசியில வரதராஜப் பெருமாள் தேரைப் பார்த்திருப்பீங்க. பிரம்மோற்சவத்தோட ஏழாம் நாள். அவ்வளவு பெரிய தேர் எப்படித் திரும்புதுன்னு யோசிச்சிருக்கீங்களா? தேர்ச் சக்கரம் அச்சுல நேராத்தான் உருளும். இடது வலதா திரும்பாது. ரெண்டு பக்கமும் ஆட்கள் முட்டுக்கட்டையோட ஓடுவாங்க. எந்தப் பக்கம் கட்டையைப் போடுறாங்களோ அந்தப் பக்கச் சக்கரம் தடுக்கும், வடத்தோட இழுப்புல தேர் கொஞ்சம் கொஞ்சமா முகம் மாறும். ஒரு மூலை திரும்பவே எத்தனை நேரம்!

நாலு சக்கர வண்டி எல்லாத்துக்கும் இருந்த தலைவலி இது. வளைவுல போகும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடும், வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டம் போடும். ரெண்டையும் ஒரே அளவு திருப்பினா ஒண்ணு தரையில தேய்ச்சுக்கிட்டே போகும். உள்பக்கச் சக்கரத்தைக் கொஞ்சம் கூடுதலா திருப்புற இணைப்பை ஜெர்மனிக்காரர் கேயார்க் லாங்கன்ஷ்பெர்கர் உருவாக்க, 1818ல லண்டன்ல அவருக்காகக் காப்புரிமை வாங்கினவர் ருடால்ஃப் அக்கர்மன். பேர் என்னவோ அக்கர்மனுக்குத்தான் போச்சு! ஆட்டோமொபைல் படிக்கிறவங்க பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி படம் போட்டுப் பார்க்கிற 'அக்கர்மன் ஸ்டியரிங்' இதுதான்.

வட்டமான ஸ்டியரிங் வீல் அப்புறம்தான் வந்தது. ஆரம்ப கால கார்கள்ல படகுத் துடுப்பு மாதிரி ஒரு கம்பிதான் இருந்தது. 1894ல பாரிஸ்லேர்ந்து ரூவான் நகருக்கு நடந்த போட்டியில ஆல்ஃப்ரெட் வாஷெரோன் தன்னோட பன்ஹார் காருக்கு வட்ட வளையம் மாட்டிக்கிட்டு வந்தார். அது பிடிச்சுப்போய் உலகமே மாத்திக்கிச்சு.

வளையத்துலேர்ந்து டயர் வரை

நீங்க வளையத்தைத் திருப்பினா டயர் எப்படித் திரும்புது? ஆம்னி மாதிரி சின்ன வேன்ல ரூட் ரொம்ப சிம்பிள்.

வளையத்தோட நடுவுல ஒரு நட்டு. அதுக்குக் கீழே பல் வெட்டின ஷாஃப்ட். அந்த ஷாஃப்ட்டைச் சுத்தி ஒரு குழாய், அதுதான் காலம். இக்னிஷன் சாவி, ஹார்ன் ஒயர், இண்டிகேட்டர் சுவிட்ச் எல்லாம் இந்தக் குழாயைப் பிடிச்சுத்தான் தொங்குது. ஷாஃப்ட் கீழே போய் யூ ஜாயின்ட்ல சேரும். ஒரு கோணத்துலேர்ந்து இன்னொரு கோணத்துக்குச் சுத்தலைக் கடத்துற முழங்கை மாதிரியான ஜாயின்ட் இது. அதுக்கு அப்புறம் ராக் அண்ட் பினியன். சின்னப் பல் சக்கரம் சுத்த, பல் வெட்டின நீளக் கம்பி இடமும் வலமும் நகரும். கம்பியோட ரெண்டு முனையிலும் டை ராடு. அதோட நுனியில பால் ஜாயின்ட். அதுதான் சக்கரத்தைத் தள்ளுது, இழுக்குது.

வளையம், காலம், யூ ஜாயின்ட், ராக், டை ராடு. அஞ்சு இடம். ஒவ்வொண்ணுலயும் துளி தேய்மானம் வந்தாப் போதும். அஞ்சு துளியும் சேர்ந்து உங்க கையில 'ப்ளே'யா வந்து நிக்கும்.

பட்டறையில் ஒரு சனிக்கிழமை

எங்க வற்புறுத்தல் தாங்காம அப்பா வண்டியை எடுத்துக்கிட்டு, எங்களையும் ஏத்திக்கிட்டு, ஏனாத்தூர் ரோட்டு ஓரத்துல ஒரு பட்டறைக்கு வந்தார். மெக்கானிக் அண்ணன் வண்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கேட்டது ஒரு சாக்பீஸும் ஸ்கேலும். (காலேஜ் பசங்ககிட்ட சாக்பீஸுக்கா பஞ்சம்!)

டயரை நேரா வெச்சு, சமதளத்துல நிறுத்தினார். வளையத்தோட உச்சியில ஒரு கோடு. ஒரு விரலால மெதுவா இடது பக்கம் நகர்த்தினார், டயர் அசையப் போற நொடியில நிறுத்தி அங்கே ஒரு குறி. அதே மாதிரி வலது பக்கம். ரெண்டு குறிக்கும் நடுவுல ஸ்கேல் வெச்சார். ஒன்பது சென்டிமீட்டர்!

"இது கம்மியா, ஜாஸ்தியாண்ணே?"

"சின்ன வண்டிக்கு மூணு சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும் தம்பி."

இந்த விஷயத்துல சட்டம் என்ன சொல்லுதுன்னு நான் அப்புறம் தேடிப் பார்த்தேன். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள், 98ஆவது விதி. ஸ்டியரிங் வளையத்துல ப்ளே 30 டிகிரிக்கு மேல இருக்கக் கூடாது. பால் ஜாயின்ட்டுக்கு ரப்பர் மூடி இருக்கணும். இணைப்புல இருக்கிற போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டியிருக்கணும். அவ்வளவுதான், ரத்தினச் சுருக்கம்.

30 டிகிரின்னா எவ்வளவு? கடிகாரத்துல 12லேர்ந்து 1 வரைக்கும். 38 சென்டிமீட்டர் விட்டம் உள்ள வளையத்துல அது ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். அதாவது எங்க வண்டி சட்டப்படி ஜஸ்ட் பாஸ்! கம்பெனி சர்வீஸ் மேனுவல்ல இந்த மாதிரி வண்டிகளுக்குப் போட்டிருக்கிறது 3 சென்டிமீட்டர். சட்டம் சொல்றது பாஸ் மார்க். மேனுவல் சொல்றது உயிருக்கான மார்க். மணிக்கு 60 கிலோமீட்டர்ல போற வண்டி ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுது. கை ப்ளேயைக் கடந்து டயரைத் தொடுறதுக்குள்ள எதிர்ல வர்ற லாரியும் சும்மா நிக்காது.

அடுத்து, "ஒருத்தன் வளையத்தை ஆட்டு, ஒருத்தன் என்கூடக் கீழே படு"ன்னார். ஸ்டியரிங் டெஸ்ட் தனி ஆளா பண்ண முடியாத வேலை. மேலே ஒருத்தர் லேசா இடமும் வலமும் ஆட்டணும், கீழே ஒருத்தர் அசைவு எந்த இடத்துல செத்துப் போகுதுன்னு பார்க்கணும். யூ ஜாயின்ட்டோட மேல் பாதி திரும்புது, கீழ் பாதி தூங்குது. குற்றவாளி நம்பர் ஒன் சிக்கிட்டார். ஆம்னியில டிரைவர் சீட் முன் சக்கரத்துக்கு மேலேயே இருக்கிறதால ஷாஃப்ட் கிட்டத்தட்டச் செங்குத்தா இறங்கும். கீழே இருக்கிற ஜாயின்ட்டுக்கு மழைத் தண்ணியும் சேறும் சும்மா கிடைக்கும். ரப்பர் கிழிஞ்சா கிரீஸ் போகும், துரு வரும், ஊசி பேரிங் மாவாகும்.

அப்புறம் முன்பக்கத்தை ஜாக்கியில தூக்கி, அடியில ஸ்டாண்டு வெச்சார். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில போகக் கூடாது, இதை அடிக்கோடு போட்டுக்குங்க. டயரை ரெண்டு பக்கமும், அதாவது 9 மணி, 3 மணி இடத்துல பிடிச்சு ஆட்டினார். இடது டயர் டொக் டொக். டை ராடு எண்டு அவுட். மேலும் கீழுமா, 12 மணி, 6 மணி இடத்துல பிடிச்சு ஆட்டினா ஆடலை. அப்படி ஆடியிருந்தா வீல் பேரிங்கையும் கீழ் பால் ஜாயின்ட்டையும் பார்த்திருக்கணும்.

நூலை அறுத்தப்போ...

காலத்தைக் கழட்டணும்னா வளையத்தை எடுக்கணும். பேட்டரியோட நெகட்டிவ் ஒயரைக் கழட்டினார். ஹார்ன் பேடை நெம்பி எடுத்தார். நடு நட்டை லூஸ் பண்ணினார், ஆனா முழுசா எடுக்கலை. ஏன்? வளையம் திடீர்னு கழண்டு வந்து மூஞ்சியில அடிக்காம இருக்க! ஷாஃப்ட்லயும் வளையத்துலயும் சேர்த்து ஒரு கோடு போட்டார். திரும்ப மாட்டும்போது ஒரு பல் தப்பினாலும் நேரா ஓடும்போது ஸ்டியரிங் கோணலா நிக்கும். அப்புறம் புல்லர் வெச்சு இழுத்தார்.

"சுத்தியல்ல ஒரு தட்டு தட்டினா வந்துடாதாண்ணே?"

"வரும். கூடவே காலமும் போயிடும்."

இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. அந்தக் காலத்து கார்ல காலம்ங்கிறது டிரைவர் நெஞ்சைப் பார்த்து நீட்டின ஈட்டி. மோதல்ல வண்டியோட மூக்கு உள்ளே நசுங்கும்போது அந்த ஈட்டி பின்னாடி வந்து குத்தும். அமெரிக்காவுல 1965ல ரால்ஃப் நேடர் எழுதின புத்தகம் இந்த மாதிரி டிசைன் தப்புகளைப் போட்டு உடைச்சது. 1967 மாடல் கார்கள்ல ஜெனரல் மோட்டார்ஸ் மடங்கி உள்வாங்குற காலத்தைக் கொண்டுவந்தது. 1968லேர்ந்து அமெரிக்காவுல அதுக்குத் தனி விதியே வந்தது. மணிக்கு 48 கிலோமீட்டர்ல மோதினாலும் காலம் 127 மில்லிமீட்டருக்கு மேல பின்னாடி வரக் கூடாதுன்னு கணக்கு. அப்படி மடங்குற காலத்துல சில இடங்களை வேணும்னே பலவீனமா வெச்சிருப்பாங்க, உங்க நெஞ்சுக்குப் பதிலா அது உடையணும்னு. சுத்தியலால அடிச்சா அந்த இடம் அன்னிக்கே நசுங்கிடும். விபத்து நடக்கும்போது அதுக்கு வேலை செய்யத் தெம்பு இருக்காது.

புல்லர் இழுக்க, டக்னு ஒரு சத்தம். வளையம் கையோட வந்தது. அண்ணன் அதைத் தூக்கி வெளிச்சத்துல பார்த்தார். ஒரு இடத்துல நூல் கொஞ்சம் உப்பியிருந்தது. "ஐயா, இதை அறுக்கலாமா?"ன்னு அப்பாவைக் கேட்டார். அப்பா தயங்கினார். கைப்பட சுத்தின நூலாச்சே. அப்புறம் அவரே பிளேடை வாங்கி அறுத்தார்.

பிளாஸ்டிக் வெடிச்சு ரொம்ப நாளாகியிருக்கு. அது விரிஞ்சு கையைக் கிழிச்சதாலதான் அப்பா நூல் சுத்த ஆரம்பிச்சிருக்கார். கை வியர்வையும் தண்ணியும் வெடிப்பு வழியா உள்ளே இறங்கி, வளையமும் ஆரக்காலும் சேர்ற இடத்துல உள்ளிருந்த இரும்புக் கம்பி துருப்பிடிச்சு, பாதி தடிமனுக்கு வந்திருந்தது. அண்ணன் ரெண்டு கையால பிடிச்சு லேசா முறுக்கினார். பல்லிடுக்குல கல் அரைபடுற மாதிரி ஒரு சத்தம்.

யாரும் பேசலை. இந்த வளையத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தினமும் அஞ்சு பேரைக் கொண்டுவந்து விட்டிருக்கார்.

"வெல்டிங் வெச்சுக் குடுப்பா"

அப்பா மெதுவா கேட்டார். "எல்லாத்தையும் மாத்தணுமா? வளையத்துக்கு ஒரு வெல்டிங், ஜாயின்ட்டுக்கு ஒரு வெல்டிங் வெச்சுக் குடுப்பா. தீபாவளி ஆர்டர் முடியட்டும், பார்த்துக்கலாம்."

அவர் கஞ்சத்தனத்துல கேட்கலைங்கிறது எங்களுக்குத் தெரியும். செமஸ்டர் ஃபீஸ் கட்டினது அந்த மாசம்தான். வண்டி ரெண்டு நாள் நின்னா சேலை போகாது. சேலை போகலைன்னா கூலி வராது. ஃப்ரெண்டு தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான்.

மெக்கானிக் அண்ணன் கோபப்படலை. கையைத் துடைச்சுக்கிட்டே கேட்டார். "ஐயா, உங்க தறியில அச்சு ஆடினா, ஒட்டுப் போட்டுக்கிட்டு முகூர்த்தச் சேலை நெய்வீங்களா?"

அப்பா பதில் சொல்லலை.

"சேலை பாழானா இன்னொண்ணு நெய்துக்கலாம்..." அதுக்கு மேல அண்ணனும் பேசலை.

ஸ்டியரிங் ஜாயின்ட்டுல வெல்டிங் ஏன் கூடாது? அதுல இருக்கிற இரும்பைச் சூடு காட்டிப் பதப்படுத்தியிருப்பாங்க. வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுக்கும். வெளியே பார்த்தா பலமா தெரியும், பக்கத்துலயே முறிய இடம் தேடிக்கிட்டிருக்கும். தேஞ்ச ஜாயின்ட்டை வெல்டு பண்ணினா அசைய வேண்டியதும் அசையாம போகும். சாலையில வண்டி முறுக்குற ஒவ்வொரு தடவையும் அந்த ஒட்டுல சுமை ஏறும். அது ஒடியிற அன்னிக்கு முன்னறிவிப்பு இருக்காது. வளையம் உங்க கையில இருக்கும், வண்டி அது பாட்டுக்குப் போகும்.

கடைசியில தீர்ப்பு இது. யூ ஜாயின்ட் புதுசு. டை ராடு எண்டு ரெண்டு பக்கமும் புதுசு. காலத்தோட மேல் புஷ் புதுசு. வளையத்துக்கு மட்டும் ஒரு சலுகை. நல்ல நிலையில இருக்கிற இன்னொரு ஆம்னி வளையத்தை, பல்லையும் கம்பியையும் சோதிச்சுப் பார்த்து, பழைய சாமான் கடையில எடுத்துத் தர்றேன்னார். கூலியில பாதியை தீபாவளிக்கு அப்புறம் வாங்கிக்கிறதா அண்ணனே சொன்னார். அப்பா சரின்னார். எங்க அஞ்சு பேர்ல நாலு பேர் அந்த மாச சினிமா பட்ஜெட்டை ஃப்ரெண்டு பாக்கெட்ல திணிச்சோம். (அஞ்சாவது ஆள் அவன்தானே!)

மாட்டும்போது நாலு கட்டளை

கழட்டுறது அரை மணி நேரம். மாட்டுறதுதான் தவம். அண்ணன் சொல்லச் சொல்ல நான் நோட்டுல எழுதினது:

1. யூ ஜாயின்ட்டைப் பூட்டுற போல்ட், ஷாஃப்ட்ல வெட்டியிருக்கிற பள்ளத்துல சரியா உட்காரணும். அதனால அதை லூஸ் பண்ணினா பத்தாது, முழுசா உருவினாத்தான் ஷாஃப்ட் வெளியே வரும். மாட்டும்போதும் பள்ளம் நேரா வந்திருக்கான்னு கண்ணால பார்க்கணும். பள்ளத்துல உட்காராத போல்ட் இறுக்கமா இருக்கிற மாதிரியே நடிக்கும்.

2. டை ராடு எண்டுல போடுற காட்டர் பின் புதுசா இருக்கணும். வளைச்ச பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடக் கூடாது. அஞ்சு ரூபா மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

3. வளைய நட்டை மேனுவல்ல சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சுல இறுக்கணும். கோடு கோட்டோட சேரணும்.

4. எல்லாம் முடிஞ்சதும் வளையத்தை இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரை முழுசா சுத்திப் பார்க்கணும். ஒயர் இழுபடுதா, எங்கயாவது பிடிக்குதா, ஹார்ன் அடிக்குதான்னு பார்க்கணும். அதுக்கப்புறம் வீல் அலைன்மென்ட் கட்டாயம். டை ராடு எண்டு மாத்தினா முன் சக்கரத்தோட கோணம் மாறிடும். அப்படியே ஓட்டினா டயரை மாவு மாதிரி அரைச்சுடும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதெல்லாம் ஏர்பேக் இல்லாத பழைய வண்டிக்கு. இந்தியாவுல 2019 ஜூலையிலேர்ந்து புது கார்கள்ல டிரைவர் ஏர்பேக் கட்டாயம். ஏர்பேக் உள்ள ஸ்டியரிங்ல ஹார்ன் பேடுக்குப் பின்னாடி இருக்கிறது வெடிக்கிற சமாச்சாரம். யூ டியூப் பார்த்துட்டு ஸ்பேனரைத் தூக்காதீங்க. பயிற்சி உள்ளவங்ககிட்ட விட்டுடுங்க.

கை சொல்லும் சேதி

உங்க வீட்டு வண்டியோ, ஃப்ரெண்டு வண்டியோ, ஸ்டியரிங் பேசுற பாஷையைக் கத்துக்குங்க.

* ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் வளையம் உதறுதா? முதல்ல வீல் பாலன்ஸ் பாருங்க.
* ஒரு பக்கமா இழுக்குதா? டயர் காத்து, அலைன்மென்ட், பிடிச்சுக்கிட்டு விடாத பிரேக். இந்த வரிசையில பாருங்க. பாதி கேஸ் காத்தடிக்கிற இடத்துலயே முடிஞ்சிடும்.
* பள்ளத்துல இறங்கும்போது டொக்குனு சத்தமா? டை ராடு எண்டு, ராக்கைப் பிடிச்சிருக்கிற புஷ், யூ ஜாயின்ட்.
* வளையத்தை மேலும் கீழும் அசைச்சா காலமே ஆடுதா? புஷ் தேஞ்சிருக்கும், இல்லேன்னா பிராக்கெட் போல்ட் லூஸ்.
* திருப்பின பிறகு வளையம் தானா நேருக்கு வர மாட்டேங்குதா? எங்கயோ ஒரு ஜாயின்ட் காஞ்சு இறுகியிருக்கு.
* வளையத்துல வெறும் மேல்தோல் வெடிப்பா? வெடிப்பை வி வடிவத்துல சுத்தம் பண்ணி எபாக்ஸி வெச்சு அடைச்சு, தேய்ச்சு, பெயின்ட் அடிக்கலாம். உள்கம்பி தெரிஞ்சாலோ, முறுக்கும்போது சத்தம் கேட்டாலோ மறு பேச்சே இல்லை, வளையத்தை மாத்துங்க.

இன்னொண்ணு. பெட்ரோல் மிச்சம்னு சரிவுல சாவியை அணைச்சுட்டு உருட்டுற பழக்கம் இருக்கா? சாவியை லாக் நிலைக்குத் திருப்பி உருவினா ஸ்டியரிங் பூட்டிக்கும். ஓடுற வண்டியில பூட்டிக்கிட்டா கடவுள்தான் டிரைவர். பவர் ஸ்டியரிங் வண்டியா இருந்தா பூட்டலைன்னாலும் கல்லா கனக்கும்.

நம்ம மாவட்டத்து சமாச்சாரம்

ஸ்டியரிங்னா ஏதோ ஜப்பான் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 1929ல சென்னையில வண்டியும் உதிரி பாகமும் விக்கிற கம்பெனியா தொடங்கினது ரானே. பின்னாடி ஸ்டியரிங் பாகங்களைத் தானே தயாரிக்க ஆரம்பிச்சது. ஸ்டியரிங் காலம் செய்யற கம்பெனியும் அந்தக் குழுமத்துல உண்டு. வாலாஜாபாத் பக்கம் வாரணவாசியில ரானே (மெட்ராஸ்) ஆலை இருக்கு. ஏனாத்தூர்லேர்ந்து ரொம்ப தூரமில்லை. மெக்கானிக்கல் பசங்க இண்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு டூர் ஸ்பாட் தேடுறதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கிறதை ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

1984ல மாருதி வேன்னு வந்து, அப்புறம் ஆம்னின்னு பேர் மாறி, 2019ல தயாரிப்பு நின்னுபோச்சு இந்த வண்டி. ஆனா நம்ம ஊர்த் தெருவுல இன்னும் நிக்கலை. சேலை மூட்டை, காய்கறி, கல்யாண சீர்வரிசை, காலேஜ் பசங்கன்னு ஓடிக்கிட்டேதான் இருக்கு. வண்டிக்கு வயசாகறது தப்பில்லை. வயசானதைப் பார்க்காம இருக்கிறதுதான் தப்பு.

கொஞ்சம் திருப்பினாலே திரும்புதே!

திங்கட்கிழமை சாயந்திரம் வண்டி ரெடி. அண்ணன் சாக்பீஸ், ஸ்கேலோட திரும்ப அளந்தார். ஒன்றரை சென்டிமீட்டர். அப்பாதான் ஓட்டினார். ஏனாத்தூர் ரோட்டுல ஏறத் திருப்பினப்போ வண்டி எதிர்ப்பக்க ஓரம் வரைக்கும் போயிடுச்சு. அவர் கை பழைய கணக்குலயே திருப்பியிருக்கு!

"என்னடா இது, கொஞ்சம் திருப்பினாலே திரும்புது!"

எங்களுக்குச் சிரிப்பு. அப்பா சிரிக்கலை. வண்டியை ஓரமா நிறுத்திட்டு, ரெண்டு கையாலயும் அந்தப் புது வளையத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் பின்னாடி திரும்பி எங்க அஞ்சு பேரையும் ஒரு தடவை பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. கியரைப் போட்டு மெதுவா எடுத்தார்.

அந்த வளையத்துல இன்னிக்கு வரைக்கும் நூல் சுத்தலை. அறுத்த பட்டு நூலை ஃப்ரெண்டு தன் ஹாஸ்டல் சாவிக்குக் கட்டி வெச்சிருந்தான். தேஞ்ச யூ ஜாயின்ட் என்கிட்ட இருக்கு, பேப்பர் வெயிட்டா.

சரி, உங்க மேட்டருக்கு வருவோம். நாளைக்குக் காலையில வேன்ல ஏறும்போது ஜன்னல் சீட்டைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி, நேரான ரோட்டுல டிரைவர் கையை ஒரு நிமிஷம் பாருங்க. வண்டி நேரா போகும்போதும் கை மட்டும் இடமும் வலமுமா ஆடிக்கிட்டே இருக்கா? அப்படீன்னா இறங்கும்போது, நாலு பேர் முன்னாடி இல்லாம, தனியா, மரியாதையா கேளுங்க: "அண்ணே, ஸ்டியரிங் ப்ளே அதிகமா இருக்கே, ஒரு தடவை காட்டிடலாமா?"

"பழகிடுச்சு தம்பி"ன்னு பதில் வரலாம். பையில சாக்பீஸும் ஸ்கேலும் இருக்குதானே பாஸ்?